சிலிண்டர் ஹெட்டைக் குடையக் கொடுக்குமுன்

பழைய அம்பாசிடரை இன்னும் பிரியத்தோடு வைத்து ஓட்டுகிறவர்கள், எஞ்சினின் ஹெட்டை இறக்கி, பெட்ரோல் கலந்த காற்று உள்ளே போகிற வழிகளையும் புகை வெளியேறுகிற வழிகளையும் குடைந்து வழவழப்பாக்கிவிட்டால் வண்டி பறக்கும் என்ற வார்த்தையைப் பட்டறைகளில் கேட்டிருப்பார்கள். போர்ட்டிங், பாலிஷிங் எனப்படும் இந்த வேலை பொய்யானதன்று. பந்தயக் கார்களைத் தயார் செய்கிறவர்கள் நெடுங்காலமாகச் செய்து பலன் கண்டதுதான். ஆயினும், சுரண்டி எடுத்த வார்ப்பிரும்பை மறுபடி சேர்ப்பது மிகவும் கஷ்டமாகையால், வேலை முடிந்தபின் தேடும் நியாயத்தைவிட, வேலை தொடங்குமுன் செய்துகொள்ளும் ஏற்பாடே இதில் பிரதானமானது.

அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், இங்கிலாந்தின் பி.எம்.சி. ஸ்தாபனத்தார் உருவாக்கிய பி-சீரீஸ் வமிசத்தைச் சேர்ந்தது. நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்து இரண்டே இன்லெட் போர்ட்டுகளும் மூன்று எக்ஸாஸ்ட் போர்ட்டுகளும் ஒரே பக்கத்தில் நெருங்கி அமைந்திருக்க, அவற்றை ஒட்டியே புஷ்ராடுகள் போகும் துவாரங்களும், சுவருக்கு அப்பால் தண்ணீர் ஓடும் அறைகளும் இருப்பதால், கிரைண்டர் பிடித்த கை சற்று மிகையாகச் சென்றாலே சுவர் பொத்துப்போய், ஹெட் முழுவதும் வீணாகிவிடக் கூடும். பொத்துப்போகாவிட்டாலும், அளவுக்கு மீறிப் பெரிதாக்கிய வழியில் காற்றின் வேகம் தளர்ந்து, நகரத்தில் நிதானமாக ஓட்டும்போது வண்டியின் இழுவை குறையும். இன்லெட்டைக் கண்ணாடிபோல மெருகேற்றுவதிலும் பிரயோஜனம் இல்லை. கார்பரேட்டரிலிருந்து வரும் பெட்ரோல் துளிகள் சுவரில் படிந்து வழியாமல் காற்றோடு கலக்க, சற்றே சொரசொரப்பான பரப்புத்தான் உதவுகிறது. கரி படிவதைத் தாமதப்படுத்த எக்ஸாஸ்டில் அந்த மெருகு நல்லது. உண்மையான ஆதாயம் பெரும்பாலும் வால்வுக்கு அடியிலுள்ள வளைவைச் சீர்செய்வதிலும், வால்வு சீட்டைச் சரியான கோணத்தில் வெட்டுவதிலுமே இருக்கிறது. வால்வு சீட் தேயாமல் காத்துவந்த, ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டோடு நின்றுபோனபடியால், இறக்கிய ஹெட்டில் கடினமான சீட்டுகளைப் பதித்துக்கொள்வதே, என் அபிப்பிராயத்தில், மெருகைவிட முந்திய செலவு.

வேலை செய்கிறவருக்குக் கண்ணாடியும் மூக்குக் கவசமும் அவசியம். பழைய கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடுமாதலால், அதை ஈரப்படுத்திச் சுரண்ட வேண்டுமேயன்றி, காற்றடித்து ஊதக் கூடாது.

இனிச் சட்டத்தின் விஷயம். வேலைக்காக ஒப்படைத்த பொருளை, சாமானிய விவேகமுள்ளவன் தன் பொருளைக் காப்பதுபோலக் காக்கும் கடமையை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு பட்டறைக்காரருக்கு விதிக்கிறது. செய்த வேலைக்குரிய கூலி வரும்வரை பொருளை நிறுத்திவைக்கும் உரிமையையும் 170-ஆம் பிரிவு அவருக்கே தருகிறது. ஆகவே தகராறு எழுந்தால், ஆட்சேபத்தை எழுத்தில் தெரிவித்துப் பணத்தைச் செலுத்தி வண்டியை மீட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். 2020 ஜூலை 20 முதல் அமலிலுள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தர மறுப்பது முறையற்ற வணிகம். பழுதான வேலை சேவைக் குறைபாடு. 1915 என்ற உதவி எண்ணில் முறையிடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் வேறொரு மெக்கானிக் கை வைத்தபின் முதல் தவறு யாருடையது என்று நிரூபிப்பது கடினம். ஆதலால் கெட்டுப்போன ஹெட்டைத் தொடாமல் புகைப்படம் எடுத்து, கசிவைக் காட்டும் பிரஷர் டெஸ்ட் முடிவையும் எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

போர்ட்டைக் குடைவது மட்டும் ஆர்.சி. புத்தக விவரங்களை மாற்றாது; ஆனால் சி.சி. அளவு மாறும்படி சிலிண்டரை விரிப்பதோ, வேறு எஞ்சினைப் பொருத்துவதோ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்குள் வரும். எந்த மாற்றத்தையும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் அறிவித்துவிடுவதே க்ஷேமம்.

எந்த இடத்தில் எவ்வளவு குடைவது, எதைத் தொடக் கூடாது, முடிந்தபின் பிரஷர் டெஸ்ட் செய்வது யார், கூலி என்ன, சுவர் பொத்துப்போனால் நஷ்டம் யாருடையது என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். அதற்குச் சம்மதிக்காத பட்டறையில் ஹெட்டை இறக்க நீங்களும் சம்மதிக்காதீர்கள்.