மறைந்து கொல்லும் காணொளி விளையாட்டுகளில் ஆடுநர் தெரிவும் அறமும்

ஆய்வுச்சுருக்கம்

காவலர் கண்ணில் படாமல் சென்று, குறிக்கப்பட்டவரைக் கொன்று மீள்வதை மையமாகக் கொண்ட காணொளி விளையாட்டுகள் ஆடுநருக்குப் பல வழிகளைத் திறந்து வைக்கின்றன. அவ்வழிகளை இவ்விளையாட்டுகள் எவ்வாறு மதிப்பிடுகின்றன என்பதை, மறைந்து கொல்லுதல் பற்றித் தமிழ் இலக்கியம் எழுப்பிய வினாக்களோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, ஆடுநர் தெரிவு, மறைந்து கொல்லுதல், வேடம், கொல்லாமை

முன்னுரை

இவ்வகை விளையாட்டுகள் இந்தியாவையும் களமாகக் கொண்டுள்ளன. 2016இல் வெளிவந்த ‘அசாசின்ஸ் கிரீட் குரோனிக்கிள்ஸ்: இந்தியா’ 1841ஆம் ஆண்டில், சீக்கியப் பேரரசும் கிழக்கிந்தியக் கும்பினியும் முரண்பட்டு நின்ற சூழலில் நிகழ்கிறது. டென்மார்க்கின் ஐஓ இன்டராக்டிவ் நிறுவனம் உருவாக்கி 2018இல் வெளிவந்த ‘ஹிட்மேன் 2’இன் ஒரு பகுதி மும்பையில் நிகழ்கிறது. கொலையை விளையாட்டாக்குவது தகுமா என்பதே இவற்றைக் குறித்துப் பெரிதும் எழும் வினா. அதனினும் நுட்பமான வினா ஒன்று உண்டு: ஆடுநர் தேர்ந்துகொள்ளும் வழிகளுள் நல்லது, தீயது என்பதை விளையாட்டு எதைக் கொண்டு அளக்கிறது?

தெரிவின் எல்லை

‘ஹிட்மேன் 2’இன் மும்பைப் பகுதியில் மூவர் கொல்லப்பட வேண்டும். கொல்வதா, விடுவதா என்பது ஆடுநர் கையில் இல்லை; எவ்வாறு கொல்வது என்பது மட்டுமே அவர் தெரிவு. குறிக்கப்பட்டவரைத் தவிர வேறெவரையும் கொல்லாமலும், எவர் கண்ணிலும் ஐயத்துக்கு உள்ளாகாமலும், உடல் கண்டெடுக்கப்படாமலும் முடிப்பவருக்கே உயர்ந்த தரநிலை கிட்டும். வழியில் நின்ற காவலனை மயக்கமுறச் செய்து, உடையைக் களைந்து, பெட்டிக்குள் மறைத்தால் அத்தரநிலை குறைவதில்லை. ஆகவே, இங்கு அளக்கப்படுவது திறன். பிறருயிரைக் காத்தல் அத்திறனின் ஒரு கூறாகவே நிற்கிறது.

வாலியின் வினா

மறைந்து கொல்லுதலைத் தமிழில் விரிவாக விசாரணைக்கு உட்படுத்திய பகுதி கம்பராமாயணத்தின் வாலி வதைப் படலமாகும். கொன்றவன் காப்பியத் தலைவனே ஆயினும், அம்பு தைத்து வீழ்ந்த வாலி அவனை நேர்நின்று வினவுகிறான். மறைந்து நின்று எய்தது ஏன் என்பதற்கு விடை கூறுபவன் இலக்குவன். அவ்விடை போதுமானதா என்பது பட்டிமன்றங்களிலும் வழக்காடு மன்றங்களிலும் இன்றளவும் விவாதிக்கப்படுகிறது. விடையின் நிறைவைக் காட்டிலும், கொல்லப்பட்டவன் வினவுவதற்குக் காப்பியம் இடமளித்தமையே இங்கு நோக்கத்தக்கது.

2007இல் வெளிவந்த முதல் ‘அசாசின்ஸ் கிரீட்’ இதற்கு ஓரளவு நெருங்கி வருகிறது. மாசற்றவர்மேல் கத்தி படலாகாது என்பது கொலையாளிக் குழுவினரின் முதல் நெறி. பொதுமக்களைக் கொன்றால் ஆடுநர் இழப்புக்கு உள்ளாவார். குறிக்கப்பட்டவர் ஒவ்வொருவரும் உயிர்விடுமுன் கொன்றவனோடு உரையாடித் தம் தரப்பை எடுத்துரைக்கின்றனர்; அவன் உள்ளத்தில் ஐயம் வளர்கிறது. ஆயினும் ஆடுநர் அவ்வினாவைக் கேட்கலாமேயன்றி, அடுத்த கொலையை மறுக்க இயலாது.

வேடமும் நம்பிக்கையும்

மும்பைப் பகுதியில் ஆடுநர் முடிதிருத்துநராக வேடமிட்டு ஒருவரின் கழுத்தருகே சவரக் கத்தியைக் கொண்டுசெல்லலாம். தையற்காரராக வேடமிட்டு மற்றொருவரைத் தனிமையில் சந்திக்கலாம். இரண்டும் பிறர் நம்பிக்கையையே முதலாகக் கொண்ட தொழில்கள்.

சென்னையின் மேற்குப் புறநகரான பூந்தமல்லியை அடுத்த குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார், பெரியபுராணத்தில் இதனையொத்த நிகழ்வைப் பாடியுள்ளார். போரில் பலமுறை தோற்ற முத்தநாதன், திருநீறு பூசி அடியவர் வேடம் பூண்டு, சுவடிக்கட்டுக்குள் கத்தியை மறைத்துச் சென்று மெய்ப்பொருள் நாயனாரைக் குத்துகிறான். காவலன் தத்தன் வாளை உருவ, நாயனார் அவனைத் தடுத்து, முத்தநாதனைத் தீங்கின்றி ஊர்கடத்திவிடுமாறு பணிக்கிறார். தாம் வணங்கிய வேடத்தின்மீது மக்கள் வைத்த நம்பிக்கை தம் உயிரினும் பெரிது என்பது அவர் துணிவு.

திருக்குறள் வேடத்தை முற்றிலும் விலக்கவில்லை. ஒற்றாடல் அதிகாரம், ஒற்றர் துறவியர் கோலத்தில் செல்வதை ஏற்கிறது (586). கூடாவொழுக்கம் அதிகாரமோ, தவக்கோலத்தில் மறைந்து தீமை புரிவதைப் புதரில் ஒளிந்து பறவை பிடிக்கும் வேட்டுவன் செயலோடு ஒப்பிட்டுக் கடிகிறது (274). வேடம் எதற்கு என்பதே இரண்டையும் பிரிக்கும் கோடு. விளையாட்டின் மதிப்பெண் பட்டியலில் அக்கோட்டுக்கு இடமில்லை.

கொல்லாமை மட்டும் போதுமா?

ஆர்க்கேன் நிறுவனத்தின் ‘டிஸ்ஆனர்டு’ (2012) ஒருவரையும் கொல்லாமல் முடிக்கத்தக்கது. கொலை பெருகினால் கொள்ளைநோய் சூழ்ந்த நகரில் எலிகளும் நோயுற்றோரும் பெருகுகின்றனர், முடிவும் இருண்டதாகிறது. தெரிவுக்குப் பின்விளைவு உண்டு என்பதை விளையாட்டின் உலகமே உணர்த்துவது இதன் சிறப்பு. எனினும், கொல்லா வழிகளுள் சில கொடியவை. உடன்பிறந்தார் இருவர் நாவறுக்கப்பட்டு, தம் சுரங்கத்திலேயே அடிமைகளாக உழல விடப்படுகின்றனர். ஒரு பெண்ணை மயக்கமுறச் செய்து, அவளை விரும்புவதாகக் கூறும் ஆடவனிடம் என்றென்றைக்குமாக ஒப்படைக்கலாம். விளையாட்டின் கணக்கில் இவை கொலையல்ல. ஆகவே குற்றமும் அல்ல. கொல்லாமைக்கு முன்னதாக இன்னாசெய்யாமையைத் தனி அதிகாரமாக வள்ளுவர் வைத்திருப்பதன் பொருத்தம் இங்குத் தெளிவாகிறது: உயிரைப் பறிக்காமலும் வாழ்வைப் பறிக்க முடியும்.

முடிவுரை

இவ்விளையாட்டுகள் எண்ணத்தக்கவற்றை எண்ணுகின்றன: எத்தனை உடல்கள், எத்தனை முறை காணப்பட்டார் என்பன அவை. முறிந்த நம்பிக்கையும் உயிரோடு விடப்பட்டவரின் துயரும் அக்கணக்கில் ஏறுவதில்லை. எவர் கண்ணிலும் படாமை விளையாட்டில் வெற்றியின் அடையாளம். கம்பரிடத்தில் அதுவே விடை சொல்லவேண்டிய செயல். தமிழில் இவ்வகை விளையாட்டை உருவாக்க முனைவோர், கொல்லப்பட்டவர் வினவவும் ஆடுநர் அதற்குச் செயலால் விடையளிக்கவும் இடம் வைப்பாராயின், தெரிவு என்னும் சொல் முழுப்பொருள் பெறும்.