நகரக் கழிவும் தனியார் வண்டியும்

நகரத்தார் பேச விரும்பாத பொருள் ஒன்று உண்டு. வீட்டு மலக்குழியிற் சேரும் கழிவே அது. பேசாது விடுவதனால் அது மறைந்துபோவதில்லை. நிலத்தடிக் குழாய்கள் வழியாகக் கழிவை ஓரிடத்திற் சேர்க்கும் வசதி ஆசியாவின் சிறு நகரங்கள் பலவற்றில் இல்லை. ஆங்கே வீட்டுக்கொரு குழி, குழிக்கோர் எல்லை.

குழியினுள் நிகழ்வது எளிதில் விளங்கக்கூடியது. கனமான பொருள் அடியிற் படிந்து சேறாகின்றது. எண்ணெய்ப்பசை மேலே மிதக்கின்றது. இடையிலுள்ள நீர் வெளியேறுகின்றது. சேறு உயர உயர, நீர் தங்கித் தெளிவதற்குரிய இடம் குறுகுகின்றது. ஈற்றிற் சேறும் நீருடன் கூடி வடிகாலையும், அதன் வழியே ஆற்றையும் அடைகின்றது. ஆகையால் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கொருமுறை குழியைத் துப்புரவாக்க வேண்டுமென்பது இந்தியப் பொறியியல் வழிகாட்டிகளின் விதி. வீட்டாரோ நாற்றம் எழுந்த பின்னரே வண்டியைத் தேடுவர்.

அப்பொழுது வருபவர் பெரும்பாலும் தனியார் வண்டிக்காரர். அவரது தொழில் இன்றியமையாதது. ஆயினும், அவருக்குக் கூலி கிடைப்பது குழியை வெறுமையாக்குவதற்கே. கழிவை உரிய இடத்தில் இறக்குவதற்கன்று. அவ்விடம் தொலைவிலிருப்பின் எண்ணெய்ச் செலவும் கால விரயமும் அவர் தலையிலேயே விழும். எனவே அருகிலுள்ள ஓடை அவர் கண்ணிற்படுகின்றது. குற்றம் மனிதரில் மட்டுமன்று, கூலி வழங்கும் முறையிலும் உண்டு. வண்டி புகாத ஒழுங்கையிலோ ஏழைத் தொழிலாளி ஒருவர் குழியினுள் இறங்க நேர்கின்றது. பாதுகாப்பின்றி மனிதரைக் குழியில் இறக்குவதை இந்தியா 2013ஆம் ஆண்டில் சட்டத்தால் தடை செய்தது. அதன் பின்னரும் நச்சுவாயுவுக்கு இரையானோர் பலர்.

இம்முறையை மாற்ற முயன்ற இரு நகரங்கள் மகாராட்டிர மாநிலத்தில் உள்ளன. ஒன்று கிருஷ்ணா நதிக்கரையிலுள்ள வாய். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள் சுமார் 36,000 பேர். மற்றையது நாசிக் மாவட்டத்துச் சின்னர். அங்கு சுமார் 65,000 பேர். 2018ஆம் ஆண்டு முதல் இந்நகரங்களில், வீட்டார் அழைக்கும்வரை காத்திராது, பகுதி பகுதியாக முறைவைத்து மூன்று ஆண்டுகளுக்குள் எல்லாக் குழிகளையும் துப்புரவாக்கும் ஏற்பாடு தொடங்கிற்று.

வண்டியும் ஆட்களும் தனியாருடையவை. அட்டவணையும் மேற்பார்வையும் நகரசபையுடையவை. வண்டி வரும் நாளில் வீட்டார் கூலி கொடுப்பதில்லை. செலவை எல்லா வீடுகளும் வரி மூலம் பகிர்கின்றன. ஆகவே வறியவர் வீடும் செல்வர் வீடும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒப்பந்தக்காரருக்குச் செய்த வேலையின் அளவுக்கேற்பப் பணம் வழங்கப்படுகின்றது. கழிவைச் சுத்திகரிப்பதற்கு நாளொன்றுக்கு 70,000 லீற்றர் கொள்ளும் நிலையம் ஒவ்வொரு நகரிலும் அமைக்கப்பட்டது.

தனியாருக்கும் ஓர் அச்சம் உண்டு. வண்டி வாங்க முதலிட்டவர், நகரசபை உரிய காலத்திற் பணம் தராவிடின் கடனாளியாவார். அவ்வச்சத்தைப் போக்கவே, கொடுப்பனவுக்கென ஒரு தொகையை வங்கியில் தனியே ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு ஒப்பந்தத்திற் சேர்க்கப்பட்டது. நிச்சயமான வேலையும் நிச்சயமான ஊதியமும் கிடைக்கும்போது, ஓடையை நாட வேண்டிய தேவை அவருக்குக் குறைகின்றது.

இடர்கள் இல்லாமலில்லை. குழியின் மேல் ஓடு பதித்து மூடிய வீடுகள் உள. “எங்கள் குழி இன்னும் நிறையவில்லையே” என்று மறுப்போரும் உளர். அவர்களை இணங்கச் செய்வது வண்டிக்காரரால் ஆகும் காரியமன்று. நகரசபை ஊழியர் வீடுதோறும் சென்று விளக்கவேண்டிய ஒன்று.

தனியாரிடம் ஒப்படைக்கத்தக்கது உழைப்பும் வண்டியும் மாத்திரமே. எந்தக் குழி எப்பொழுது வெறுமையாக வேண்டும், கழிவு எங்கே சென்று சேரவேண்டும், அதற்குரிய பணம் எவ்வாறு திரட்டப்பட வேண்டும் என்னும் மூன்று பொறுப்புகளையும் நகரசபை தன் கையில் வைத்திருத்தல் வேண்டும். அவற்றையும் கைவிட்டால், துப்புரவாவது வீட்டு முற்றம் மட்டுமே, ஆறு அன்று.