கரும்பு ஆராய்ச்சியும் குடியானவர் கடமையும்
(ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர்)

சர்க்கார் பணத்தைச் செலவிட்டு ஆராய்ச்சி நிலையங்கள் நடத்துவதனால் குடியானவருக்கு என்ன பிரயோஜனம் என்று கிராமங்களிற் கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதே, அப்பணம் பொதுஜனங்களுடையது. கோயமுத்தூர்க் கரும்பு நிலையத்தின் சரித்திரம் இதற்குத் தக்க விடையாகும்.

நிலையம் ஏற்பட்ட விதம்:— கரும்பு எவ்விடத்தும் பூத்து முளைக்கத்தக்க விதை கொடுப்பதில்லை. கோயமுத்தூர்ச் சீதோஷ்ணத்தில் அது தாராளமாய்ப் பூத்து விதை கொள்ளும். ஆகையால் 1912-ம் வருஷத்தில் அங்கே நிலையம் ஸ்தாபிக்கப்பட்டது. பார்பர் துரையும், அவருக்கு உதவியாயிருந்து பின்பு தலைமை ஏற்ற ஸ்ரீ டி. எஸ். வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்னும் தடித்த கரும்பைத் தாயாகவும், காட்டில் வளரும் பேய்க்கரும்பைத் தந்தையாகவும் கொண்டு ஒட்டுச் சேர்த்தனர். அதிற் பிறந்த கோ 205 என்னும் ரகம் 1918-ல் பஞ்சாபுக்கென வெளியாயிற்று. தாயின் இனிப்பும் தந்தையின் உறுதியும் அதில் ஒருங்கே அமைந்தன.

பல சாஸ்திரங்களின் கூட்டு:— ஒட்டுச் சேர்ப்பவர் தாவர சாஸ்திரி. அணுக்களை ஆராய்ந்து இன்னது இன்னதோடு சேரும் என அறிபவர் வேறொருவர். 1934 முதல் 1939 வரை ஸ்ரீமதி ஜானகி அம்மாள் அங்கு அவ்வேலையைச் செய்தார். நோயைப் பரீட்சிப்பவர், தண்டுத் துளைப்பானை ஆராய்பவர், சாற்றின் சர்க்கரையை அளப்பவர், மண்ணைச் சோதிப்பவர் எனப் பலர் வேண்டும். ஒட்டுச் சேர்த்தது முதல் ரகம் வெளியாகும் வரை பத்து வருஷங்களுக்கு மேலாகும். மேலும் கரும்பு கரணையினாற் பெருகுவது. ஒருமுறை பெற்ற குடியானவர் தாமே பெருக்கி அயலாருக்கும் கொடுப்பார். இவ்வளவு காலம் காத்திருந்து இத்தகைய சரக்கிற் பணம் போட வியாபாரி துணியார். ஆதலின் செலவு பொதுப் பணத்தைச் சேர்ந்ததாயிற்று.

ஓர் எச்சரிக்கை:— இந்நிலையத்தின் கர்னால் கிளையில் உண்டான கோ 0238 என்னும் ரகம் 2009-ல் வெளியாகி, உத்தரப் பிரதேசத்துக் கரும்பு நிலத்தின் பெரும்பகுதியிற் பரவியது. விளைவும் சர்க்கரையும் உயர்ந்தன. ஆனால் ஒரே ரகத்தை எங்கும் நட்டமையால், செவ்வழுகல் நோய் அதைப் பற்றியபோது நஷ்டமும் எங்கும் பரவியது. நமது ஜில்லாக்களில் கோ 86032 நெடுங்காலமாய்ப் பயிராகிறது. அதனை நடுவோரும் இதனைக் கவனித்தல் நலம்.

செய்ய வேண்டியவை:—

1. மேலிருந்து மூன்றாம் நான்காம் இலைகள் மஞ்சளாகிக் காய்ந்தால் கரும்பைப் பிளந்து பார்க்கவும். உள்ளே சிவந்து, இடையிடையே குறுக்கே வெண் திட்டுக்களும் புளித்த வாசனையும் இருந்தால் அது செவ்வழுகலே.

2. அத்தூரை வேரோடு பறித்துக் கொளுத்தவும். அவ்வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்கு விடலாகாது.

3. அவ்வயலில் மறுதாம்பு விடாது, ஒரு போகம் நெல் பயிரிடவும்.

4. விதைக்கரணையை நோயற்ற வயலிலிருந்தே எடுக்கவும். வெட்டுவாயிற் சிவப்புக் கண்ட கரணையைத் தள்ளவும்.

5. நிலம் முழுவதும் ஒரே ரகத்தை நடாது, சிபார்சு செய்யப்பட்ட வேறொரு ரகத்தையும் சிறிது வைக்கவும்.

கிராம அதிகாரிகள் நோய் கண்ட சர்வே நம்பரை உடனே விவசாய இலாகாவுக்குத் தெரிவித்தால், அயல் வயல்கள் தப்பும். நிலையத்தாருக்கும் நோயின் போக்கு விளங்கும். அடுத்த ரகத்தைத் தேர்ந்தெடுக்க அவர்கள் நம்பியிருப்பது இத்தகைய செய்திகளையே.