காற்று வராத காரும் கல்லூரிப் பாடமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

"நம் ஊர் வெயிலுக்குக் காரில் ஹீட்டர் எதற்கு?" என்று நண்பர்கள் நகைக்கக் கூடும். பள்ளிப்பட்டில் குளிர்காய வேண்டிய நாட்கள் மிகச் சிலவே. ஆனால் ஐப்பசி மாதத்து அடைமழை இரவில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஐந்து பேர் காரில் சென்றால் என்ன ஆகும்? மூச்சுக் காற்றின் ஈரம் குளிர்ந்த முன்கண்ணாடியில் படிந்து பாதையை மறைத்துவிடும். வைப்பர் வெளிப்புற நீரைத்தான் துடைக்கும். உட்புற ஈரத்தைப் போக்க ஹீட்டரின் வெந்காற்றோ, ஏ.சி.யின் உலர்காற்றோ வேண்டும். இரண்டையும் உந்தித் தருவது ப்ளோயர் என்னும் சிறு விசிறியே.

என் தந்தை வாடகைக்கு ஓட்டுவது ஓர் அம்பாஸடர். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வழியில் 1957 முதல் உத்தரபாராவில் தயாரான அந்த வண்டி 2014-இல் நின்று போயிற்று. எங்கள் வண்டியின் ஏ.சி. பிற்காலத்தில் டேஷ்போர்டுக்கு அடியில் பொருத்தப்பட்டது. சென்ற மழைக்காலத்தில் ஒரு நள்ளிரவு, பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு பொதட்டூர்பேட்டை வழியாகத் திருத்தணிக்குப் புறப்பட்டோம். ப்ளோயர் சுழன்றது, காற்று வரவில்லை. ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் துண்டு என்று அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் ஒரு பட்டறையில், "மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்றார்கள். கேட்ட தொகை அப்பாவின் பத்து நாள் வருமானம்.

மாற்றுவதற்கு முன் பார்ப்போம் என்று எனக்குத் தோன்றிற்று. ப்ளோயரின் மின்பாதை மிக எளியது. பாட்டரியிலிருந்து ஃபியூஸ், ஸ்விட்ச், மின்தடை, மோட்டார் ஆகியவற்றைக் கடந்து, 'எர்த்' ஒயர் வழியாகக் காரின் உடலை அடைந்து, மின்சாரம் பாட்டரிக்கே திரும்புகிறது. குறைந்த வேகங்களுக்கு மட்டும் மின்தடை குறுக்கே நிற்கும்; முழு வேகத்தில் அது விலகிவிடும். இதை அறிந்தால் குறையின் குறியே இடத்தைக் காட்டிவிடும்.

முழு வேகத்தில் மட்டும் ஓடினால், பெரும்பாலும் மின்தடை எரிந்திருக்கும். எந்த வேகத்திலும் ஓடாவிட்டால், முதலில் ஃபியூஸ், பின்பு ஸ்விட்ச், எர்த், இறுதியில் மோட்டாரின் கார்பன் பிரஷ் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். வேகமாகச் சுழன்றும் காற்று குறைந்தால், சருகும் தூசியும் வழியை அடைத்திருக்கும். காற்று நன்றாக வந்தும் குளிர்ச்சி இல்லையெனில் குறை ப்ளோயரில் இல்லை. கம்ப்ரஸரையும் வாயுவையும் பார்க்க வேண்டும். ப்ளோயர் நின்ற நிலையில் ஏ.சி.யை ஓட்டவே கூடாது. கூலிங் காயில் பனிக்கட்டியாக உறைந்துவிடும்.

எங்கள் மோட்டாரோ எல்லா வேகத்திலும் சோம்பிச் சுழன்றது. அதைக் கழற்றி நேரே பாட்டரியோடு இணைத்தேன், சீறிக்கொண்டு சுழன்றது! ஆகவே குறை பாதையில்தான் இருந்தது. மீண்டும் பொருத்தி ஓடவிட்டு, மோட்டாரின் எர்த் முனைக்கும் பாட்டரியின் எர்த் முனைக்கும் இடையே மீட்டரை வைத்தேன். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 4 வோல்ட் காட்டியது. 12 வோல்ட்டில் மோட்டாருக்குக் கிடைத்தது 8 தான்.

"மீட்டர் இருக்கட்டும்பா, கையால தொட்டுப் பாரு. எந்த இடம் சுடுதோ அங்கதான் கோளாறு" என்றார் அப்பா. ஸ்விட்சை அணைத்துவிட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டேன். டேஷ்போர்டுக்கு அடியில், துருப்பிடித்த எர்த் திருகு விரலைச் சுட்டது. 8 ஆம்பியர் ஓடுவதாகக் கொண்டால், 4 வோல்ட்டை இழக்கும் அவ்விடத்தில் 32 வாட் வெப்பம் எழும். ஒரு சிறு சால்டரிங் அயர்னின் வெப்பம் அது! வகுப்பில் நான் எழுதிய ஓம் விதியையும் ஜூல் விதியையும், எட்டாம் வகுப்பைத் தாண்டாத என் தந்தை விரல் நுனியில் வைத்திருந்தார்.

உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, திருகை இறுக்கி, மேலே சிறிது கிரீஸ் தடவினோம். அப்போது இன்னொன்றையும் கண்டோம். யாரோ ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள். எங்கேனும் மின்கசிவு நேர்ந்திருந்தால் அது உருகாது, ஒயர்களே தீப்பற்றும். உரிய அளவு ஃபியூஸை மட்டுமே போட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: மிகப் பழைய பிரிட்டிஷ் வகைக் கார்கள் சிலவற்றில் பாட்டரியின் பாஸிடிவ் முனையே உடலோடு இணைந்திருக்கும். அதைப் பார்த்த பிறகே எதையும் இணைக்க வேண்டும்.

செலவு ஓர் உப்புத்தாளோடு முடிந்தது. பத்து நாள் வருமானம் வீட்டில் தங்கிற்று. அதைவிடப் பெரிது, இனி மழை இரவில் அப்பாவின் இரு கைகளும் ஸ்டியரிங்கில் இருக்கும். பொருளை மாற்றிக் குறையைத் தேடுவதைவிட, குறையைக் கண்டு பொருளை மாற்றுவதே அறிவு. நண்பர்களே! பரீட்சைக்குப் படிக்கும் சூத்திரங்களை வீட்டுக்கும் எடுத்துச் செல்வோம். அங்கே அவற்றை நமக்கு முன்பே கைகளால் கற்றவர்கள் இருக்கக் கூடும்.