பழைய இலக்கமும் புதிய போனும்

"சிம்மை மட்டும் மாத்தச் சொல்லாதை பிள்ளை. மற்றதெல்லாம் நீ சொன்னபடி செய்யிறன்."

முல்லைத்தீவு மாவட்டத்தின் மீள்குடியேற்றக் கிராமம் ஒன்று. மாதர் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பிப் போன பிறகும் அந்த அம்மா மட்டும் பாயில் இருந்தார். மடியில் இரண்டு போன்கள். ஒன்று பழைய பட்டன் போன். பின்மூடி கழன்று விழாமல் றப்பர் பாண்ட் போட்டு, தூசி படாமல் பொலித்தீனால் சுற்றியிருந்தார். மற்றது ஸ்மார்ட் போன். 2024 வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குக் கனடாவிலிருந்து வந்த பெறாமகன், தான் பாவித்ததைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

அம்மாவின் வீட்டுக்குள் சிக்னல் இல்லை. யாராவது அழைத்தால் வேலியோரப் புளியமரத்தடிக்கு ஓட வேண்டும். வேறொரு கம்பனியின் கோபுரம் பக்கத்துக் கிராமத்தில் வந்திருப்பதால், அதன் சிம்மை வாங்கினால் அடுப்படியில் நின்றே கதைக்கலாம் என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அம்மா கேட்கவில்லை. ஏன் என்று நானும் கேட்டேன்.

அந்த இலக்கம் 2010 இல் முகாமிலிருந்து வவுனியாவுக்கு வந்தபோது எடுத்தது. 2009 இல் காணாமல் போன மகனுக்காக அவர் எழுதிக் கொடுத்த மனுக்கள் எல்லாவற்றிலும் அந்த இலக்கம்தான் இருக்கிறது. 2010 இல் நல்லிணக்க ஆணைக்குழு வந்தபோது கொடுத்தது, 2013 இல் அமைக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது, பிறகு காணாமல் போனோர் அலுவலகத்துக்குக் கொடுத்தது எல்லாவற்றிலும். "ஆரும் எடுத்தால் இதுக்குத்தானே எடுப்பினம்?" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

சிம் மாற்றுவதைப் பற்றி யாருக்கும் இலகுவாக ஆலோசனை சொல்வதை நான் விட்டு வெகு காலம். அதற்குக் காரணம் உண்டு. 2019 இல் வேறொரு கிராமத்தில் ஒரு சகோதரிக்கு, "இந்தக் கம்பனி டேட்டா மலிவு, இதை எடுங்கோ, பழைய சிம்மைப் பத்திரமாக வையுங்கோ" என்று சொன்னது நான்தான். அவரும் பத்திரமாக பிஸ்கட் பேணிக்குள் வைத்தார். ஒரு வருடத்துக்கு மேல் கழித்து எடுத்துப் போட்டபோது சேவை இல்லை. அந்த இலக்கத்துக்கு அழைத்தால் யாரோ ஒருவர் சிங்களத்தில் பதில் சொன்னார். குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போயிருந்த அவருடைய தங்கைக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அந்த ஒரு இலக்கம்தான். போன வீட்டில் அவளது போனை வாங்கி வைத்துவிட்டார்கள். பதினொரு மாதம் வீட்டார் குரல் கேட்காமல் இருந்துவிட்டு அவள் நாடு திரும்பினாள். அக்கா தன்னை மறந்துவிட்டார் என்று நினைத்தாளாம். நான் சமூகவியல் படித்தவள். முற்கொடுப்பனவு சிம் ஒன்றுக்கு ஆயுள் இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆம், ஆயுள் இருக்கிறது. பாவிக்காமலும் ரீலோட் செய்யாமலும் நீண்ட நாள் விட்டால் கம்பனி அந்த இலக்கத்தை முடக்கிவிடும். பிறகு அது வேறொருவருக்கு விற்கப்படலாம். எத்தனை நாள் என்பது கம்பனிக்குக் கம்பனி வேறு, காலத்துக்குக் காலமும் மாறும். ஆகவே உங்கள் கம்பனியின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து "என்ர இலக்கம் எவ்வளவு நாளைக்கு உயிரோட இருக்கும்?" என்று கேட்டு எழுதி வையுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. வட்ஸ்அப்புக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு: 120 நாட்கள் திறக்காமல் விட்டால் கணக்கு பொதுவாக அழிக்கப்பட்டுவிடும்.

கனடா போனுக்கு வருவோம். பெறாமகன் போன பிறகு, புதுக் கம்பனியின் சிம் ஒன்றைப் பக்கத்து வீட்டாரிடம் கடன் வாங்கிப் போட்டுப் பார்த்தோம். திரையில் ஆங்கிலத்தில் ஒரு கட்டம் வந்து இரகசிய இலக்கம் கேட்டது. அந்தப் போன் கனடாவில் அது விற்கப்பட்ட கம்பனியின் சிம்முக்கு மட்டும் வேலை செய்யும்படி பூட்டப்பட்டிருந்தது. ரவுணில் ஒரு கடையில் கொடுத்தபோது அங்கிருந்த தம்பி ஏதேதோ இலக்கங்களை அடித்துப் பார்க்கத் தொடங்கினான். நான் வாங்கிவிட்டேன். பிழையான இலக்கத்தைப் பல தடவை அடித்தால் சில போன்கள் நிரந்தரமாகவே பூட்டிக்கொள்ளும்.

உண்மையில் இதற்குக் காசே செலவழிக்கத் தேவையில்லை. கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல், வாடிக்கையாளர் கேட்டால் கட்டணம் வாங்காமல் பூட்டைத் திறந்து கொடுக்க வேண்டும், புதிய போன்களைப் பூட்டாமலே விற்க வேண்டும் என்று அந்நாட்டு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு விதி செய்தது. இங்கிலாந்திலும் 2021 டிசம்பரிலிருந்து பூட்டிய போன் விற்கத் தடை. பெறாமகனின் போன் 2017 கோடையில் வாங்கியது, அதனால்தான் பூட்டு. ரொறன்ரோவிலிருந்து அவன் தன் கம்பனிக்கு ஒரு அழைப்பு எடுத்தான். ஒரு கிழமைக்குள் இலக்கம் என் வட்ஸ்அப்புக்கு வந்தது. அடித்தோம், திறந்தது. வெளிநாட்டிலிருந்து பழைய போன் அனுப்பும் உறவினருக்கு இதைச் சொல்லி வையுங்கள்: அனுப்புவதற்கு முன்னரே திறந்து அனுப்பட்டும்.

இன்னொன்றும் சொல்லி வையுங்கள். போனில் *#06# என்று அடித்தால் 15 இலக்கம் கொண்ட ஒரு எண் வரும். அதுதான் போனின் ஐ.எம்.ஈ.ஐ. எண், எங்களுக்கு அடையாள அட்டை போல. ஐ.எம்.ஈ.ஐ. என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 1909 க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அது பதிவாகியுள்ளதா என்று பதில் வரும். பதிவில்லாத போன்களைப் புதிதாக உள்ளூர் சிம்முடன் இணைக்க முடியாமற் செய்யப் போவதாக ஆணைக்குழு 2025 ஜனவரியில் அறிவித்தது. ஏற்கனவே பாவனையிலிருந்தவற்றுக்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது. கடையில் வாங்குவோர் காசு கொடுக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

எந்தக் கம்பனி நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் பெயர் சொல்வதில்லை. 2018 இல் எடிசலாட் ஹட்ச்சுடன் சேர்ந்தது. 2024 இல் எயார்டெல் டயலொக்குடன் சேர்ந்தது. ஆகவே இலக்கத்தின் முதல் மூன்று எண்ணைப் பார்த்து இது நல்ல கவரேஜ், அது கூடாது என்று சொல்லும் பழைய கணக்கெல்லாம் பிழைத்துவிட்டது. நல்ல வழி, அயலாரின் சிம்மை ஒரு நாள் கடன் வாங்கி உங்கள் போனில் போட்டு, உங்கள் அடுப்படியில், படுக்கும் இடத்தில், தோட்டத்தில் நின்று கதைத்துப் பார்ப்பதுதான். பின்னேரம் எல்லோரும் வீட்டிலிருக்கும் நேரத்திலும் ஒரு தடவை பாருங்கள்.

இரண்டு சிம் போடும் போன் என்றால் பிரச்சினை பாதி தீர்ந்தது. பழையதை ஒன்றிலும் புதியதை மற்றதிலும் போட்டு, அமைப்பில் டேட்டாவைப் புதிய சிம்முக்கு மாற்றிவிட்டால் சரி. சிம் போட்டவுடன் வரும் இணைய அமைப்புச் செய்தியை ஏற்றுக்கொள்ள மறக்க வேண்டாம். அதை அழித்துவிட்டு "நெட் வேலை செய்யுதில்லை" என்று வருவோர் அநேகர். வட்ஸ்அப்பைப் பழைய இலக்கத்திலேயே வைத்திருக்கலாம். அது எந்தச் சிம்மின் டேட்டாவில் ஓடுகிறது என்று பார்ப்பதில்லை.

ஆனால் அம்மாவின் கனடா போனில் ஒரு சிம்முக்குத்தான் இடம், அதுவும் மிகச் சிறிய சிம்முக்கு. அவருடையதோ 2010 இன் பெரிய சிம். கத்தரியால் வெட்டலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். கம்பனிக் கிளையில் அதே இலக்கத்துக்குச் சிறிய சிம் தருவார்கள். போனோம். அங்கேதான் தெரிந்தது, இலக்கம் அம்மாவின் பெயரில் இல்லை. இடப்பெயர்வில் அடையாள அட்டையைத் தொலைத்திருந்ததால் 2010 இல் பெறாமகளின் அட்டையைக் கொடுத்து எடுத்திருக்கிறார்கள். அந்த நாளில் எங்களில் எத்தனையோ பேர் இப்படித்தான் எடுத்தோம். பதினான்கு வருடம் கண்ணுக்குள் வைத்துக் காத்த இலக்கம், சட்டப்படி அவருடையதல்ல. சிம் தொலைந்திருந்தால் திரும்பப் பெற வழியே இருந்திராது. பெறாமகள் மன்னாரிலிருந்து வந்து, இருவரும் அடையாள அட்டையுடன் கிளைக்குப் போய், பெயரை மாற்றினார்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்: உங்கள் இலக்கம் யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வங்கியிலிருந்து வரும் இரகசிய இலக்கமும் அதற்குத்தானே வருகிறது.

கடைசியில் அம்மாவே தீர்மானித்தார். பழைய இலக்கம் பட்டன் போனிலேயே இருக்கட்டும். கனடா போனில் புதுக் கம்பனியின் சிம். இரண்டு போன், இரண்டு இலக்கம்.

பட்டன் போனின் றப்பர் பாண்டைக் கழற்றிப் பார்த்தபோது எனக்குப் பகீரென்றது. பற்றரி வயிறு வீங்கியிருந்தது. மூடி கழன்றதற்குக் காரணம் அதுதான். வீங்கிய பற்றரியைத் திரும்பச் சார்ஜ் செய்யக் கூடாது, அமத்தக் கூடாது, ஊசியால் குத்தக் கூடாது, அடுப்பிலோ குப்பையோடோ எரிக்கக் கூடாது. உள்ளே தீப்பற்றும் திரவம் இருக்கிறது. நோக்கியா கம்பனியே 2007 இல், சார்ஜ் ஏறும்போது அதிகம் சூடாகக்கூடும் என்று 4 கோடி 60 இலட்சம் பற்றரிகளை மாற்றித் தர முன்வந்தது. அவ்வளவு பெரிய கம்பனியின் பற்றரிக்கே அப்படியென்றால் சந்தையில் விற்கும் போலிப் பற்றரியை என்ன சொல்ல. பழையதை விற்பனை நிலையத்தில் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினோம்.

பற்றரி வீங்குவதற்கு முக்கிய காரணங்களில் ஒன்று சூடு. அம்மா பொலித்தீனைக் கழற்றாமலே சார்ஜ் போடுவார், அதுவும் தகரக் கூரைக்கு நேர் கீழே உள்ள தட்டில், மத்தியானத்தில். சார்ஜ் ஏறும்போது போன் தானாகவே சூடாகும். அந்தச் சூடு வெளியேற வேண்டும். உறை, பொலித்தீன், தலையணை, சேலை மடிப்பு எதுவும் மூடக் கூடாது. இரவு பிள்ளைக்குப் பக்கத்தில் படுக்கையில் வைத்து ஏற்றவே கூடாது. சீமெந்துத் தரை நல்லது, குளிர்ச்சியாக இருக்கும்.

"முழுக்க இறங்கின பிறகுதான் ஏத்த வேணும்" என்பது எங்கள் ஊர்களில் எல்லோரும் சொல்வது. அது முன்னைய நிக்கல் கட்மியம் பற்றரிக்குச் சொன்ன பாடம். இப்போதுள்ளவை லிதியம் அயன் பற்றரிகள். அவற்றை உருவாக்கிய மூவருக்கு 2019 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். இவற்றுக்கு முழுக்க இறங்குவதும் பிடிக்காது, எந்நேரமும் நூற்றுக்கு நூறில் நிற்பதும் பிடிக்காது. 20 வீதத்துக்குக் கீழ் போக முன் போட்டு, 80 வீதம் அளவில் எடுத்தால் நெடுநாள் உழைக்கும். பயணம் போகும் நாளில் நூறு வரை ஏற்றுவதில் குற்றமில்லை. பாவிக்காமல் வைக்கும் போனைப் பாதிச் சார்ஜில் நிறுத்தி வையுங்கள், இடைக்கிடை பாருங்கள்.

அம்மாவின் இன்னொரு முறைப்பாடு, காலையில் ஏற்றினால் பொழுதுபட இறங்கிவிடுகிறது என்பது. பற்றரி பழுது ஒரு காரணம். மற்றது சிக்னல். கோபுரம் தொலைவிலிருந்தால் போன் தன் குரலை உயர்த்திக் கத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். 900 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் பட்டன் போன் ஒன்று 2 வாட் வரை சக்தியை வெளியிட முடியும். கோபுரம் கிட்ட இருந்தால் அதில் மிகச் சிறு பங்கே போதும். சிக்னல் இல்லாத வீட்டில் நாள் முழுதும் கோபுரத்தைத் தேடித் தேடியே பற்றரி தீர்ந்துவிடும். ஆகவே பட்டன் போனைத் தட்டிலிருந்து எடுத்து, புளியமரப் பக்கத்து யன்னல் கட்டில் வைத்தோம். அங்கே இரண்டு கோடு சிக்னல் காட்டியது. இப்போது மூன்று நாளைக்கு நிற்கிறது. புதுக் கம்பனியின் சிம் போட்ட கனடா போனும், பற்றரி ஏழு வருடப் பழசு என்றாலும், வெளிச்சத்தைக் குறைத்து வைத்ததில் ஒரு பகல் தாக்குப்பிடிக்கிறது.

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது நினைவிருக்கும். அப்படி ஒரு நாள் திரும்ப வந்தால் டேட்டாவை நிறுத்தி, தேவையில்லாத நேரத்தில் விமான நிலையில் போட்டு வையுங்கள். அவசர இலக்கங்களான 119, அம்புலன்ஸ் 1990, பெண்கள் உதவிச் சேவை 1938 மூன்றையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். செத்த போனுக்குள் இருக்கும் இலக்கத்தால் பயனில்லை.

அம்மாவின் கலண்டரில் ஒவ்வொரு மாதமும் 10 ஆம் திகதி சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருக்கிறது. அன்று பழைய இலக்கத்துக்கு ஐம்பது ரூபாய் ரீலோட். அது வேலை செய்கிறதா என்று பார்க்க மாதம் ஒரு முறை நானும் அழைத்துக்கொண்டிருந்தேன். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிடுவார். "ஆர்?" என்பார். நான்தான் அம்மா என்பேன். சிறிது நேரம் ஒன்றும் பேசமாட்டார்.

மூன்றாவது மாதம் சொன்னார்: "பிள்ளை, நீ மற்ற நம்பருக்கு எடு. இதுக்கு எடாதை."

இப்போது புதிய இலக்கத்துக்கே எடுக்கிறேன்.