61 நாள் வருமானம் இல்லை... ஆனா செலவு மட்டும் உச்சம்! நாகை விசைப்படகுகளுக்கு தடைக்காலத்தில் என்ன நடக்கிறது?

சொந்தமா விசைப்படகு இருந்தா கவலையே இல்லை என்று நினைப்பவர்கள், தடைக்காலத்தில் நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டை பக்கம் போய்ப் பார்க்கலாம்.

மீன்களின் இனப்பெருக்கத்துக்காக, கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2017-க்கு முன்பு இது 45 நாள்தான். படகைப் பழுதுபார்க்க இதை விட்டால் நேரமும் கிடையாது.

கரையேற்றினால்தான் அடிப்பாகமே கண்ணில் படும். ஒட்டிய சிப்பி, பாசியைச் சுரண்டணும். விட்டால் படகின் வேகம் குறையும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். மரப்படகு என்றால் உளுத்த பலகையை மாற்றி, இடுக்கில் பஞ்சு அடைக்கணும். பிறகு இன்ஜின், வலை, பெயிண்ட்.

சிக்கல் என்னன்னா, வருமானமே இல்லாத நேரத்தில்தான் இத்தனை செலவும். புதுப் பெயிண்ட் அடித்து, பெயர் எழுதிப் பார்ப்பது ஓனருக்கு சந்தோஷம்தான். காசு குறைந்தால் இன்ஜின் வேலையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளத் தோன்றும். அது தப்புக் கணக்கு. நடுக்கடலில் இன்ஜின் நின்றால், இன்னொரு படகு வந்து கட்டி இழுக்கணும். போட்ட டீசல், ஐஸ் எல்லாம் நஷ்டம். கோடியக்கரைக்கு அப்பால் என்றால் நீரோட்டம் எல்லை தாண்டியும் இழுத்துப் போகலாம். அங்கே இலங்கைக் கடற்படை.

ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடியும். பெயிண்ட் வாசம் போகாத படகுகளில் அதற்கு முன்பே ஐஸ் ஏற ஆரம்பித்துவிடும்.