ஒரே வகை, வேறு சுபாவம்

பெரம்பலூரை அடுத்த செட்டிகுளம் பக்கத்தில் சின்ன வெங்காயம் பயிரிடும் குடியானவர் இருவரை, அதிகம் வாய் திறவாதவர்கள் என்ற ஒரே காரணத்தால், ஊரார் ஒரே ரகம் என்று தீர்மானித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஒருவரது மௌனம், பட்டறையில் போட்ட வெங்காயத்தை இன்று விற்பதா, அடுத்த மாதம் விற்பதா என்ற மனக்கணக்கினால் வந்தது. மற்றவரதோ, விலையைக் கறாராகச் சொன்னால் எதிரே நிற்பவர் மனம் நோகுமோ என்ற தாட்சண்யத்தினால் வந்தது.

சுவிட்சர்லாந்து தேசத்து மனோதத்துவ அறிஞர் கார்ல் யுங், 1921-இல் வெளியிட்ட நூலில், மனிதரை அகமுக நோக்கினர், புறமுக நோக்கினர் என்று பிரித்ததோடு நில்லாமல், சிந்தனை, உணர்ச்சி, புலனறிவு, உள்ளுணர்வு ஆகிய நான்கில் எது மேலோங்குகிறது என்பதைக் கொண்டு எட்டு வகைகளைக் கண்டது இத்தகைய பேதங்களைக் கருதியே. நம் சித்த வைத்தியர்களும் வாதம், பித்தம், கபம் என்ற மூன்றோடு அமையாமல், இரண்டு கலந்த தொந்த தேகத்தையும் கணக்கில் கொண்டார்கள். அனுபவ ஞானம் என்பது இதுதான் போலும்!

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்திலும் ஒரே வகைக்குள் வேறுபாடு என்ற இந்த நுட்பத்தைக் கண்ணால் காணலாம்: தந்தை ராஜராஜன் தஞ்சையில் நேர்கோடாக நிமிர்த்திய விமானத்தை, மகன் ராஜேந்திரன் இங்கே உள்வளைவோடு எழுப்பினான், பாணி ஒன்று, முகம் வேறு.

தன்னை அறிய விழைபவர், தாம் பேசாதிருந்த வேளையில் உள்ளே நிகழ்ந்தது கணக்கா, இரக்கமா, பயமா என்று ஆராய்வது உத்தமம். பயமாயின், அது சுபாவமாக அன்றி வெறும் பழக்கமாகவும் இருக்கலாம்.